பாக்கியமேரிக்குக் கொடுத்த சுருதி

பெரிய வியாழன் சாயங்காலம் அந்தோணி பிரகாஷ் கடையை நேரத்தோடு சாத்திவிட்டு மொரப்பூரிலிருந்து பைக்கில் ஊர் வந்து சேர்ந்தான். வெயில் இறங்கியும் தார்ச்சாலையின் சூடு விடவில்லை. கை இரண்டிலும் வார்னிஷ் வாசனை. விவசாயிகளின் போர் மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவன் பிழைப்பு. ஞாயிறும் திருநாளும் வியாகுல மாதா கோவிலில் பெட்டி வாசிப்பது அவன் பெருமை. ஆர்மோனியம் போய் கீபோர்டு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஊருக்கு அது பெட்டிதான், அவன் பெட்டி மாஸ்டர்தான்.

பாட்டு மாடி கோவில் வாசலுக்கு நேர் மேலே இருக்கிறது. ஏறிப்போக ஒடுங்கிய மரப்படி. கீழே ஜனம் பீடத்தைப் பார்த்து நிற்கும். மாடி அவர்களுக்கு முதுகுப் பக்கம். மேலே யார் இருக்கிறார், யார் வாய் அசைக்கிறார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. குரல் மட்டும்தான் இறங்கிவரும்.

படியில் பாதி ஏறியதும் சித்தரத்தை வாசனை அடித்தது.

பிரகாஷ் நின்றுவிட்டான். பாடுவதற்கு முன்னால் தொண்டைக்கு இதமாகச் சித்தரத்தைத் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் அந்தக் கோவிலில் ஒருத்திக்குத்தான் உண்டு. பாக்கியமேரி. அவளை ஐப்பசி மழையில் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தாயிற்று. இவனே அன்று பெட்டி வாசித்தான்.

மேலே போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. வௌவால் எச்சமும் பழைய மெழுகும் கலந்த வழக்கமான நெடிதான். அவன் நாற்காலி, அதன் பக்கத்தில் பாடுகிறவளுக்கான நாற்காலி, நடுவில் மைக். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். மனம்தான் உட்காரவில்லை.

இந்த இடத்தில் கோவில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் பெட்டி வாயை மூடிவிடும். மணியும் ஊமை. மறுநாள் பெரிய வெள்ளி முழுவதும், சனிக்கிழமை ராத்திரி உயிர்ப்புப் பாஸ்கா பூசையில் மறுபடி வானவர் கீதம் தொடங்கும்வரை, ஒரு வாத்தியமும் ஒலிக்கக் கூடாது. மணிக்குப் பதில் மரப்பலகையைத் தட்டுவார்கள். ஆண்டவர் இறந்த வீட்டுத் துக்கம் அது.

ஆனால் பெரிய வெள்ளியன்று ஜனம் வரிசையில் போய்ச் சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்யும்போது, மாடியிலிருந்து ஒருத்தி தனியாக மாதா புலம்பல் பாடவேண்டும். ஏழு கண்ணி. ஒவ்வொரு கண்ணியும் முந்தியதைவிட மேலே ஏறும். ஆரம்பச் சுருதி பிசகினால் ஏழாவதில் தொண்டை கிழிந்துவிடும். அதற்காக மாஸ்டரும் பாடுகிறவளும் ஒரு சின்னத் திருட்டு வைத்திருந்தார்கள். கீபோர்டில் ஹெட்போனைச் செருகிவிட்டால் சத்தம் வெளியே வராது. பாடுகிறவள் அதை ஒரு காதில் வைத்துக்கொள்வாள். மாஸ்டர் ஒரே ஒரு கட்டையை அழுத்துவான். அவள் தலையாட்டிவிட்டு, அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பிப்பாள். எந்தச் சுருதி கொடுத்தான் என்பது அந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பாக்கியமேரியின் குரலுக்கு நாலு கட்டைச் சுருதி. காலங்காலமாக நாலு கட்டை.

போன வருடம் பிரகாஷ் அதைவிட உயரமான ஆறு கட்டையை அழுத்தினான்.

தெரிந்தே அழுத்தினான்.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். தவக்காலத்தில் ராப்பகலாக உட்கார்ந்து புலம்பலுக்குப் புது மெட்டு ஒன்று போட்டிருந்தான். அதைப் பாட்டுக்குழு முன்னால் வாசித்துக் காட்டியபோது பாக்கியமேரி, "நல்லாத்தானுங்க இருக்குது மாஸ்டர், கல்யாணத்துக்கு வச்சுக்கலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் வெள்ளை மனதோடுதான் சிரித்தாள். இவனுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. சுருதி கொடுக்கிறவன் யார் என்று ஒருநாள் அவளுக்குத் தெரியட்டும், கொஞ்சம் திணறட்டும், அவ்வளவுதான் என்று நினைத்தான்.

கொஞ்சத்தோடு நிற்கவில்லை. மூன்றாம் கண்ணியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் பெரிய வெள்ளிப் பாட்டை நடுவில் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. ஏழாம் கண்ணியில் 'மகனே' என்று நீட்டிய இடத்தில் குரல் உடைந்து, கோழி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. வரிசையில் நின்ற இளவட்டங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாரோ எடுத்த வீடியோ அன்று சாயங்காலமே ஊர் வாட்ஸப் முழுக்கச் சுற்றியது.

அதோடு அவள் மாடி ஏறவில்லை. கடைசி வரிசையில் வந்து உட்காருவாள், பதிலுரைக்குக்கூட வாய் திறக்கமாட்டாள். ஐப்பசியில் காய்ச்சல் கண்டு படுத்தபோது பிரகாஷும் மனைவி ஷைனியும் பார்க்கப் போனார்கள். ஷைனி ரொட்டிப் பொட்டலத்தை உள்ளே கொடுக்கப் போன சமயத்தில் பாக்கியமேரி அவன் கையைப் பிடித்தாள்.

"மாஸ்டர், எனக்குத்தான் காது கெட்டுப்போச்சுங்களா? நீங்க சரியாத்தானே குடுத்தீங்க?"

அந்த ஒரு நிமிடம் அவனுக்குக் கொடுக்கப்பட்டது. அவன் அதை என்ன செய்தான்?

"சரியாத்தாங்கா குடுத்தேன்" என்றான்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். சுருதி வாங்கிக்கொண்டதும் ஆட்டுவாளே, அதே மாதிரி.

இந்த வருடத் தவக்காலத் தொடக்கத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு இதைச் சாமியாரிடம் சொல்லி அழுதான். "அந்தம்மாகிட்ட இனிமே சொல்ல முடியாது. அவங்க மககிட்ட சொல்லுங்க. அதுதான் உங்களுக்குப் பரிகாரம்" என்றார் சாமியார். மகள் பிளசி தர்மபுரியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், வாரம் ஒருமுறை ஊருக்கு வருகிறாள். சொல்ல எத்தனையோ ஞாயிறு இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிறாகிப் போனது.

வியாழன் பூசை முடிந்து பெட்டியின் மேல் ஊதாத் துணியைப் போர்த்திக்கொண்டிருந்தபோது பிளசியே படியேறி வந்தாள். அம்மாவின் அதே நெற்றி.

"மாமா, நாளைக்குப் புலம்பல் நான் பாடறனுங்க. ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன். அம்மா வூட்டுல பாடிப்பாடி எனக்கு மனப்பாடம்."

இதுதான் நேரம். நாக்கு நுனிவரை வந்தது. "சரிம்மா. சாப்புடாம வந்துறாத, மயக்கம் வரும்" என்று சொல்லி அனுப்பினான்.

அவள் இறங்கிப் போனாள். இன்னொருவரும் அவள் பின்னாலேயே இறங்குவதுபோலப் படி இரண்டு தரம் முனகியது.

*

பெரிய வெள்ளி மத்தியானம் வானம் கறுத்தது. கோடை மழை வரப்போகிற புழுக்கம். புழுதிக் காற்றுக்குப் பயந்து கோவில் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டார்கள். சுரூபங்கள் எல்லாம் ஊதாத் துணிக்குள் இருந்தன. பட்டப்பகலில் உள்ளே அந்தி இருட்டு. விசிறிகூட ஓடவில்லை, துக்க நாளில் போடமாட்டார்கள். வேர்வையும் மெழுகும் கலந்து மூச்சை அடைத்தது.

மரப்பலகை தட்டினார்கள்.

டக். டக். டக்.

பாட்டுக்குழு சிலுவை முத்தி செய்யக் கீழே இறங்கிப் போனது. மாடியில் பிரகாஷும் பிளசியும் மட்டும். அவன் துணியை விலக்கி, ஹெட்போனைச் செருகி, அவள் கையில் கொடுத்தான். பெட்டி ஓடுவதற்கான சிவப்பு விளக்கு கண்ணை உறுத்தியது.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. பாடி முடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இன்னொன்று அதன் வாயைப் பொத்தியது.

பிளசி ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்து கிசுகிசுத்தாள்.

"மாமா, போன வருசம் அம்மாவுக்கு எந்தச் சுருதி குடுத்தீங்களோ, அதையே எனக்கும் குடுங்க."

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். முகத்தில் சூது இல்லை. அம்மாவின் கடைசிப் பாட்டை அம்மா மாதிரியே பாடவேண்டும் என்கிற ஆசைதான் இருந்தது.

"சரிம்மா" என்றான்.

நாலு கட்டையை அழுத்தினான். கண்ணால் பார்த்து, விரலால் தடவி, மறுபடி பார்த்து அழுத்தினான். நாலேதான்.

பிளசியின் புருவம் சுருங்கியது. ஹெட்போனைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள். அப்புறம் தலையாட்டினாள்.

அவள் வாய் திறந்த முதல் சொல்லிலேயே பிரகாஷுக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு கட்டை.

அவன் விரல் இன்னும் நாலின் மேல்தான் இருந்தது. வெடுக்கென்று எடுத்தான். கையை ஆட்டி நிறுத்தச் சொன்னான். பிளசி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள், பார்க்கவில்லை. முதல் கண்ணி முடிந்தது. இரண்டாவது ஏறியது. கீழே செருப்பில்லாத கால்கள் தரையில் தேய்ந்தபடி வரிசை நகர்ந்தது.

மூன்றாவது.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. பிளசி நின்றுகொண்டுதான் பாடினாள். அந்த நாற்காலியில் யாரும் இல்லை.

சித்தரத்தை வாசனை குப்பென்று ஏறியது. இந்தத் தடவை கிட்டத்தில், யாரோ காதோரம் மூச்சு விடுகிற தூரத்தில்.

நாலு, ஐந்து. பிளசியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆறாவது கண்ணியைக் கடைசிச் சொல்வரை இழுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சேர்த்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். முடியாது என்று தலையை அசைத்தாள். கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். உதடு இரண்டும் இறுக மூடியிருந்தன.

கோவில் காத்திருந்தது.

போன வருடத்துச் சிரிப்பு இதோ வரப்போகிறது என்று பிரகாஷ் கண்ணை மூடினான். கர்த்தரே, இந்தப் பிள்ளையையும் நானே கெடுத்துவிட்டேனே என்று நெஞ்சு வெந்தது.

ஏழாம் கண்ணி எழுந்தது.

'ஆணி தைத்த கையைக் கொடு மகனே.'

உடையாத குரல். ஆறு கட்டையில் தொடங்கிய பாட்டின் உச்சியில், சின்ன நடுக்கமும் இல்லாமல், 'மகனே' என்று நீண்டது. இருபது வருடம் கேட்ட குரல் அவனுக்குத் தெரியாதா?

கண்ணைத் திறந்தான். பிளசியின் வாய் மூடியேதான் இருந்தது. அவள் பார்வை இவனைத் தாண்டி, இவன் நாற்காலியின் பின்பக்கம் நிலைகுத்தி நின்றது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

நாற்காலியின் முதுகு அதிர்ந்தது.

திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. கீழேயும் ஒருத்தரும் திரும்பவில்லை. பிளசிதான் பாடுகிறாள் என்று நினைத்து வயதான பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பாட்டு நின்றது. வெளியே மழை ஓட்டின் மேல் விழ ஆரம்பித்தது.

பிளசி ஹெட்போனைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தாள். குரல் கரகரத்தது.

"எந்தக் கட்டைங்க மாமா அது?"

"நான் நாலுதாம்மா அழுத்துனேன்."

"அது இல்லைங்க. அம்மாவுக்குக் குடுத்தத கேக்கறேன்."

மழை பலத்தது. இனி ஒளிய இடமில்லை.

"ஆறு" என்றான்.

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"காது கெட்டுப்போச்சுன்னு சொல்லிச் சொல்லி, தெனமும் காதுல எண்ண ஊத்திக்கிட்டுக் கெடந்தாங்க எங்கம்மா. சாவற வரைக்கும் மாமா."

"என்னை மன்னிச்சிரும்மா."

"என்கிட்ட சொன்னா ஆச்சுங்களா?" அவள் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் கையைக் காட்டினாள். "சிரிச்சவங்க எல்லாம் கீழதான இருக்காங்க."

அவள் இறங்கிப் போனாள். இந்தத் தடவை படி அவளுக்காக மட்டும் முனகியது.

அதன் பொருள் அவனுக்கு உடனே விளங்கியது. கூட வந்தவள் இறங்கவில்லை.

அவசர அவசரமாக அடாப்டரைப் பிடுங்கினான். ஒயரைச் சுருட்டினான், கயிறு போட்டுக் கட்டினான். அடாப்டரைப் பேன்ட் பையில் திணித்துக்கொண்டான். கரண்ட் இல்லாவிட்டால் பெட்டி வெறும் பலகை, அது அவனைவிட வேறு யாருக்குத் தெரியும். துணியைப் போர்த்திவிட்டு, பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் கீழே ஓடினான்.

*

சனிக்கிழமை இருட்டியதும் பாஸ்கா தொடங்கியது. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் புதுநெருப்பு மூட்டி, ஜனம் மெழுகுதிரியோடு உள்ளே வந்தது. மாடியில் பிரகாஷ் நேற்றுப் போட்ட பேன்ட்டைக்கூட மாற்றாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தான். பாட்டுக்குழு அவனுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஏன் என்று அவன் கேட்கவும் இல்லை.

பகலெல்லாம் யோசித்தாயிற்று. ஊர் முன்னால் சொன்னால் கடையில் யார் மோட்டாரைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், ஷைனி எந்த முகத்தோடு தெருவில் நடப்பாள், இனி இந்தப் பெட்டியைத் தொட விடுவார்களா? பெட்டி இல்லாத தன்னை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பிளசியிடம் சொல்லியாயிற்று, சாமியார் சொன்ன பரிகாரம் அவ்வளவுதானே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினான். துணியை எடுக்க மட்டும் கை வரவில்லை. வானவர் கீதம் வரட்டும், அப்போது எடுக்கலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டான்.

பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முடிந்தன. சாமியார் வானவர் கீதத்தைத் தொடங்கி வைத்தார். மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தன, விளக்குகள் எல்லாம் எரிந்தன. பழக்கதோஷத்தில் பிரகாஷின் கை துணியை உருவி எறிந்துவிட்டுப் பெட்டியில் இறங்கியது.

ஒரே ஒரு சத்தம் எழுந்தது.

ஆறு கட்டை.

விரலை மாற்றினான். ஆறு. இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். அதே ஆறு, நூல் பிடித்த மாதிரி, கோவில் முழுக்க.

கையை எடுத்தான்.

சத்தம் நிற்கவில்லை.

மணி அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சாமியார் மாடியை நிமிர்ந்து பார்த்தார். ஜனம் முழுவதும், கோவில் கட்டிய நாள் முதல் இல்லாத வழக்கமாக, திரும்பி மேலே பார்த்தது. பெண்கள் பக்கத்தில் பிளசியும் பார்த்தாள்.

காதோரம் சித்தரத்தை மணத்தது. ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது, பாடத் தயாராகிறவள் இழுக்கும் மூச்சு. அது வெளியே வரவில்லை. காத்திருந்தது.

பிரகாஷ் மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"போன வருசம் பாக்கியமேரி அக்கா தப்பாப் பாடலைங்க" என்றான். குரல் கடைசி வரிசைவரை கேட்டது. "அவங்களுக்கு நாலு கட்டை. நான் வேணுமின்னே ஆறு குடுத்தேன். சாவறப்ப கேட்டாங்க. சரியாத்தான் குடுத்தேன்னு பொய் சொன்னேன். அவங்க காதும் கெடல, குரலும் கெடல. கெட்டது நானுங்க."

சத்தம் நின்றது.

அந்த அமைதியில் பிளசி கீழிருந்து வானவர் கீதத்தை எடுத்தாள். நாலு கட்டை. முதல் அடி அவள் தனியாகப் பாடினாள். இரண்டாம் அடியில் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. அது மாடியிலிருந்து, அவன் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

பிரகாஷ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கூட வாசிக்கலாம் என்று நாலு கட்டையைத் தொட்டான். டொக்கென்று பிளாஸ்டிக் சத்தம் மட்டும் வந்தது. மறுபடி தொட்டான். ஒன்றுமில்லை. அப்போதுதான் பார்த்தான், சிவப்பு விளக்கு எரியவில்லை. ஒயர் அவன் வெள்ளிக்கிழமை சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டிய மாதிரியே கிடந்தது. கை தன்னால் பேன்ட் பைக்குப் போனது. அடாப்டர் உள்ளேயே இருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவன் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டது. பாட்டு முடிந்த பிறகும் அது விடவில்லை.